ஊர் இல்லாத யானை

அமெரிக்கப் பேஸ்பாலின் மேஜர் லீகில் முப்பது அணிகள். புள்ளிப்பட்டியலை வாசித்துக்கொண்டே போனால் பாஸ்டன், டெட்ராய்ட், சிகாகோ என்று ஊர்ப்பெயர்களாக வரும். சில அணிகள் டெக்சாஸ், மினசோட்டா என்று மாநிலத்தின் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கும். 2025ஆம் ஆண்டிலிருந்து ஓர் அணி மட்டும் ஊரும் சொல்வதில்லை, மாநிலமும் சொல்வதில்லை. வெறும் 'அத்லெடிக்ஸ்'. சட்டையின் ஒரு கையில் லாஸ் வேகஸுக்கு ஒரு சின்னம், மறு கையில் சாக்ரமெண்டோவுக்கு ஒரு சின்னம். முதலாவது, 2028இல் குடிபோவதாகச் சொல்லியிருக்கும் ஊர். இரண்டாவது, அதுவரை ஒண்டுக்குடித்தனம் இருக்கும் ஊர். ஒண்டுக்குடித்தனம் என்று சும்மா சொல்லவில்லை. ஏற்கெனவே அங்கே ஆடிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன லீக் அணியின் மைதானத்தில்தான், சுமார் பதினாலாயிரம் பேர் கொள்ளும் இடத்தில், இடம் கேட்டு ஆடுகிறது. ஐம்பத்தேழு பருவங்கள் ஆடிய ஓக்லாந்தின் பெயர் அந்தச் சட்டையில் எங்கும் கிடையாது.

புதிதாக ஓர் ஆளைப் பார்த்தால் நாம் பெயருக்கு அடுத்தபடியாக, சில சமயம் பெயருக்கு முன்பே, கேட்பது 'எந்த ஊர்?' என்றுதான். 'இப்போ இருக்கிறது சாக்ரமெண்டோ, போகப்போறது வேகஸ்' என்று பதில் வந்தால் விட்டுவிடுவோமா? 'அது சரி, சொந்த ஊர்?' என்று அடுத்த கேள்வி தயாராக இருக்கும். அந்த இரண்டாவது கேள்விக்கு இந்த அணியிடம் உள்ள பதில் கொஞ்சம் நீளமானது.

நம்மில் பலருக்கு இந்த அணி பிராட் பிட் மூலமாகப் பழக்கம். 2011இல் வந்த 'மணிபால்' படத்தில், அணி எங்கோ வெளியூரில் ஆடிக்கொண்டிருக்க, அதன் பொது மேலாளர் பில்லி பீன் இருட்டு மைதானத்தின் காலி இருக்கைகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து வானொலியைப் போடுவார், அணைப்பார், மறுபடி போடுவார். காசில்லாத அணி கணக்குப் போட்டு ஜெயித்த கதை என்றுதான் அந்தப் படத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு நின்றது அந்தக் காலி இருக்கைகள். இவ்வளவு பெரிய மைதானத்தில் எழுபதுகளிலிருந்து யாரெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள், ஏன் எழுந்து போனார்கள் என்று தேடப்போய்த்தான் யானை வந்து சேர்ந்தது.

*

1901. அமெரிக்கன் லீக் என்ற புது லீக், இருபத்தைந்து வருடமாகக் கோலோச்சிய நேஷனல் லீகுக்கு எதிரே கடை விரித்த வருடம். புது லீகின் பிலடெல்பியா அணிக்குப் பணம் போட்டவர் பென் ஷைப். பேஸ்பால் பந்து செய்யும் தொழிலில் இருந்தவர். அணியை நடத்தியவர் கானி மேக். 1860 வாக்கில் அந்த ஊரில் தொடங்கிய பழைய கழகம் ஒன்றுக்கு 'அத்லெடிக்' என்று பெயர். அதையே எடுத்துப் புது அணிக்குச் சூட்டினார்கள். பிறக்கும்போதே இரவல் பெயர்.

நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் மேலாளர் ஜான் மெக்ரா வாய்த்துடுக்குக்குப் பேர்போனவர். பென் ஷைப்பின் தலையில் ஒரு வெள்ளை யானை விழுந்திருக்கிறது என்று 1902இல் அவர் ஏளனம் செய்தார். ஆங்கிலத்தின் வெள்ளை யானை நம் ஐராவதம் இல்லை. சயாம் ராஜா தனக்கு வேண்டாத பிரபுவுக்கு வெள்ளை யானையைப் பரிசாக அனுப்புவாராம். அதை விற்கவும் கூடாது, வேலை வாங்கவும் கூடாது. தீனி போட்டே பிரபு ஓட்டாண்டி ஆவான். நம் பேச்சில் சொன்னால், யானையைக் கட்டித் தீனி போடும் சங்கதி.

கானி மேக் கோபப்படவில்லை. அந்த யானையையே அணியின் சின்னமாக்கிக்கொண்டார். ஏளனம் செய்த அதே வருடம் அணி லீகை வென்றது. 1905 உலகத் தொடரில் இரண்டு அணிகளும் எதிரெதிரே வந்தபோது, ஆட்டத்துக்கு முன் மெக்ராவின் கையில் ஒரு சின்ன யானை பொம்மையைக் கொடுத்தார்கள். தொடரை வென்றது என்னவோ மெக்ராதான். ஆனால் பொம்மை நிலைத்துவிட்டது. பின்னாளில் யானை சட்டையின் நெஞ்சிலேயே ஏறி உட்கார்ந்தது. திட்டுப்பெயரையே குடும்பப்பெயராக வைத்துக்கொண்ட குடும்பங்கள் எந்த ஊரிலும் உண்டு. இரண்டு தலைமுறை போனால் திட்டியது யார் என்பதே மறந்துபோகும்.

கானி மேக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பேஸ்பாலில் மேலாளர்களும் வீரர்களைப் போலவே சீருடை அணிவது வழக்கம். இவர் ஐம்பது பருவங்களும், 1901 முதல் 1950 வரை, கோட்டும் டையும் தொப்பியுமாகவே வீரர்களோடு உட்கார்ந்திருந்தார். கொர்னீலியஸ் மெக்கிலிகடி என்ற நீண்ட ஐரிஷ் பெயரின் சுருக்கம்தான் கானி மேக். நெடிய, ஒல்லியான உருவம். கையில் சுருட்டிய ஸ்கோர் அட்டை. அதை இப்படி அசைத்தால் தூரத்தில் நிற்கும் ஆள் இரண்டடி இடப்பக்கம் நகர வேண்டும், அப்படி அசைத்தால் முன்னால் வர வேண்டும். வீரர்கள் அவரை 'மிஸ்டர் மேக்' என்றே கூப்பிட்டார்கள். அவர் வென்ற ஆட்டங்கள் 3,731. தோற்றவை 3,948. இரண்டுமே யாரும் நெருங்காத சாதனைகள். அரை நூற்றாண்டு ஒரே நாற்காலியில் உட்கார்ந்தால் கணக்கு அப்படித்தான் வரும்.

இரண்டு முறை அவர் மகத்தான அணிகளைக் கட்டினார். இரண்டு முறையும் தன் கையாலேயே பிரித்து விற்றார். 1910, 1911, 1913 என்று மூன்று உலகத் தொடர்களை வென்ற அணி, 1914இல் பாஸ்டனிடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் தோற்றது. அதே சமயம் ஃபெடரல் லீக் என்ற மூன்றாவது லீக் முளைத்து வீரர்களின் சம்பளத்தை ஏற்றிவிட்டது. டிக்கெட் காசைத் தவிர வேறு வருமானம் இல்லாத காலம். எட்டி காலின்ஸ் என்ற அபாரமான ஆட்டக்காரரை 50,000 டாலருக்குச் சிகாகோவுக்கு விற்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அடுத்த வருடம் 43 வெற்றி, 109 தோல்வி. அதற்கடுத்த வருடம் 36 வெற்றி, 117 தோல்வி. தொடர்ந்து ஏழு வருடம் கடைசி இடம்.

பிறகு மறுபடி கட்டினார். லெஃப்டி குரோவ், ஜிம்மி ஃபாக்ஸ், அல் சிம்மன்ஸ், மிக்கி காக்ரேன். 1929 உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் 8-0 என்று பின்தங்கியிருந்து ஒரே இன்னிங்ஸில் பத்து ரன் எடுத்து ஜெயித்த அணி. 1929, 1930 இரண்டு வருடமும் பட்டம். அதன்பின் பொருளாதார மந்தம் வந்தது, பிலடெல்பியாவில் ஆலைகள் படுத்தன, மறுபடியும் ஏலம்.

அந்த நாட்களின் ஒரு காட்சி. 1909இல் கட்டிய ஷைப் பார்க், மேஜர் லீகில் உருக்கும் கான்கிரீட்டும் கொண்டு கட்டிய முதல் மைதானம். அதன் வலதுபக்கச் சுவர் பன்னிரண்டு அடிதான். சுவருக்கு அப்பால் இருபதாம் தெரு, வரிசை வீடுகள். மொட்டைமாடியில் ஏறினால் ஆட்டம் முழுசாகத் தெரியும். வீட்டுக்காரர்கள் மாடியில் பலகை போட்டு, மைதானத்தைவிடக் குறைந்த விலைக்கு இடம் விற்றார்கள். படுக்கையறை ஜன்னலைக்கூட வாடகைக்கு விட்டார்கள். அணி ஜெயித்துக்கொண்டிருந்தவரை நிர்வாகம் கண்டும் காணாமல் இருந்தது. அணி நொடித்த பிறகு, 1935இல், அந்தச் சுவர்மேல் தகரம் அடித்து முப்பது அடிக்கும் மேலாக உயர்த்தினார்கள். ஊர் அதற்கு 'வஞ்ச வேலி' என்று பொருள்படப் பெயர் வைத்தது. பந்து தகரத்தில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று ஆடுகிறவர்களுக்கும் தெரியாது. இருபதாம் தெரு மாடிகளில் காற்றும் புறாவும் மிஞ்சின. மாடியில் பார்த்தவன் காசு தரவில்லை என்பது நிர்வாகத்தின் கணக்கு. மாடியில் பார்த்தவன்தான் தெருமுனையில் அணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான் என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

1954இல் மேக் குடும்பம் அணியை விற்றது. 1955இல் அது கான்சஸ் சிட்டிக்குப் போனது. அடுத்த பிப்ரவரியில், தொண்ணூற்று மூன்று வயதில், கானி மேக் இறந்தார்.

*

கான்சஸ் சிட்டியில் பதிமூன்று பருவங்கள். ஒன்றில்கூட வெற்றிகள் தோல்விகளை மிஞ்சவில்லை. நல்ல ஆட்டக்காரன் தலையெடுத்தால் நியூயார்க் யாங்கீஸ் வாங்கிக்கொண்டு போகும். ரோஜர் மாரிஸ் அப்படிப் போனவர். வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பதிமூன்று வருடத்தை இரண்டு பத்தியில் தாண்டிவிடுகிறார்கள்.

ஆனால் இன்று அந்த அணியின் அடையாளம் என்று எதைச் சொல்கிறோமோ அந்தப் பச்சையும் பொன்னும் கான்சஸ் சிட்டியில் வந்தவை. 1960 டிசம்பரில் அணியை வாங்கிய சார்லி ஃபின்லி, காப்பீட்டுத் தொழிலில் பணம் பார்த்தவர், வெள்ளையும் சாம்பலுமாக இருந்த பேஸ்பால் உலகத்துக்குள் 1963இல் அந்த வண்ணங்களைக் கொண்டுவந்தார். யானையை இறக்கிவிட்டு, மிசௌரி மாநிலத்தின் அடையாளமான கோவேறு கழுதையைச் சின்னமாக்கினார். உயிருள்ள கழுதை, அதற்குத் தன் பெயரையே வைத்து மைதானத்தில் நடத்திக் காட்டினார். நடுவருக்குப் பந்து கொடுக்க, தரைக்குள்ளிருந்து எழும்பும் இயந்திர முயல் ஒன்றும் உண்டு.

அந்தக் கோமாளிக்கூத்துகளுக்கு நடுவே ஓர் இரவு மட்டும் வேறு மாதிரி. நிறவெறியால் நாற்பது வயது தாண்டும்வரை மேஜர் லீகின் வாசல் திறக்காத கறுப்பினப் பந்தெறியாளர் சாட்சல் பெய்ஜ். 1965 செப்டம்பரில், ஐம்பத்தொன்பதாவது வயதில், ஃபின்லி அவரைக் கூட்டிவந்தார். மைதான ஓரத்தில் ஓர் ஆடும் நாற்காலி, பக்கத்தில் வெள்ளுடையில் ஒரு தாதி. வேடிக்கை பார்க்கத்தான் எல்லாரும் வந்திருந்தார்கள். கிழவர் எழுந்துபோய் மூன்று இன்னிங்ஸ் பந்து போட்டார். ஒரே ஒரு அடிதான் விட்டுக்கொடுத்தார்; ரன் எதுவும் கொடுக்கவில்லை.

1968இல் ஃபின்லி அணியை ஓக்லாந்துக்குக் கொண்டுபோனார். ஹிரோஷிமாவுக்குப் பிறகு இவ்வளவு அதிர்ஷ்டம் அடித்த ஊர் ஓக்லாந்துதான் என்று மிசௌரியின் செனட்டர் ஸ்டூவர்ட் சைமிங்டன் நாடாளுமன்றத்தில் வயிறெரிந்து சொன்னார். அந்தக் குரூரமான வேடிக்கைக்குள், ஏமாந்த ஓர் ஊரின் கோபம் இருக்கிறது. பின்னால் ஓக்லாந்து அழுதபோது எத்தனை பேருக்கு அது நினைவு வந்ததோ.

*

ஓக்லாந்து என்பது வளைகுடாவுக்கு இக்கரை. அக்கரையில் சான் ஃபிரான்சிஸ்கோ. பணம், பாலம், படத்தில் வரும் மலைச்சரிவுத் தெருக்கள் எல்லாம் அங்கே. இக்கரையில் துறைமுகம், கிடங்குகள், ரயில் முனையம், கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்புகள்.

அந்த ஊருக்கு வந்த அணி மீசை வளர்த்தது. 1972இல் ரெஜி ஜாக்சன் மீசையோடு பயிற்சிக்கு வந்தார். பேஸ்பாலில் அப்போது மீசை மிக அரிது. மீசை வளர்க்கும் ஒவ்வொருவருக்கும் 300 டாலர் என்று ஃபின்லி அறிவித்தார். ராலி ஃபிங்கர்ஸ் மெழுகு தடவி இரண்டு முனையையும் முறுக்கிவிட்ட மீசை ஒரு தலைமுறைக்கே பிரசித்தம். அந்த மீசைக்கார அணி 1972, 1973, 1974 மூன்று வருடமும் உலகத் தொடரை வென்றது.

பிறகு, பிலடெல்பியாவின் பழைய கதை. பந்தெறியாளர் கேட்ஃபிஷ் ஹண்டருக்கு ஒப்பந்தப்படி கட்ட வேண்டிய தொகையை ஃபின்லி கட்டவில்லை. 1974இல் நடுவர்மன்றத் தீர்ப்பு வந்தது, ஹண்டர் விடுதலையாகி நியூயார்க் போனார். ஒவ்வொருவராக மற்றவர்களும் போனார்கள். 1979 ஏப்ரல் 17 அன்று மைதானத்துக்கு வந்தவர்கள் என்று அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை 653. நம் ஊர்க் கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு உட்காருகிற கூட்டம்.

செத்த யானை. ஆனால் யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். சுமார் இருபது லட்சம் டாலருக்குப் பாதிக்கு மேற்பட்ட பங்கை வாங்கி வந்த ஃபின்லி, 1980இல் மொத்த அணியையும் 1.27 கோடி டாலருக்கு விற்றார். வாங்கியது லீவை ஸ்ட்ராஸ் ஜீன்ஸ் நிறுவனத்தின் ஹாஸ் குடும்பம். வளைகுடாப் பகுதியிலேயே வேரோடியவர்கள். அவர்கள் காலத்தில்தான், 1988இல், யானை மறுபடி சட்டையில் ஏறியது. மறு வருடம் உலகத் தொடர். எதிரணி, அக்கரையின் ஜயண்ட்ஸ். அக்டோபர் 17 மாலை 5.04க்கு, மூன்றாவது ஆட்டம் தொடங்க இருந்த நேரத்தில், பூமி அதிர்ந்தது. ஓக்லாந்தில் ஈரடுக்கு நெடுஞ்சாலை இடிந்து நாற்பத்திரண்டு பேர் மாண்டார்கள். பத்து நாள் கழித்துத் தொடர் தொடர்ந்தது, ஓக்லாந்து வென்றது. வெற்றி ஊர்வலத்துக்குரிய மனநிலை எந்தக் கரையிலும் இல்லை.

இந்த அணிக்கு ஓக்லாந்து கொடுத்தது என்ன என்று கேட்டால் ஒரே பெயரைச் சொல்லலாம்: ரிக்கி ஹெண்டர்சன். ஓக்லாந்தில் வளர்ந்த பையன், அங்கே பள்ளியில் படித்தவன், சொந்த ஊர் அணிக்கே ஆட வந்தவன். பேஸ்பாலில் பந்து போடுகிறவர் அசரும் நொடியில் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு ஓடிச் சேருவதைத் திருட்டு என்பார்கள். 1982இல் அவர் திருடியவை 130. ஆயுள் முழுக்க 1,406. இரண்டாமிடத்தில் இருப்பவர் ஆயிரத்தைத் தொடவில்லை. 1991 மே முதல் தேதி பழைய சாதனையை முறியடித்தபோது, மூன்றாம் தளத்தைத் தரையிலிருந்து பிடுங்கித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். திருடியதை ஊருக்குக் காட்டின முதல் திருடன்.

*

ஒரு விளையாட்டு அணி எப்படி ஒரு மனிதரின் உடைமையாக ஊர்விட்டு ஊர் போக முடிகிறது? 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது, ஏகபோகத் தடைச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து மேஜர் லீகின் முதலாளிகளே அணிகள் எத்தனை, எந்த ஊருக்கு என்று தீர்மானிக்கிறார்கள். அணி கேட்கும் ஊர்கள் எப்போதும் அணிகளைவிட அதிகமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். 'புது மைதானம் கட்டித் தருகிறாயா, நான் கிளம்பட்டுமா' என்று எந்த ஊரையும் கேட்கலாம்.

ஓக்லாந்தின் பழைய மைதானம் கிழடு தட்டிப்போனது. சாக்கடை உள்ளே பொங்கியது, பூனைகள் குடியேறின. 2005இல் 18 கோடி டாலருக்குக் கைமாறிய அணி தோற்கத் தோற்க, அதன் மதிப்பு மட்டும் 100 கோடியைத் தாண்டியது. துறைமுகத்தை ஒட்டிப் புது மைதானம் என்ற பேச்சு வருடக்கணக்கில் நடந்து, 2023 ஏப்ரலில் முறிந்தது. நெவாடா மாநிலம் 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தர இசைந்தது. மெக்ரா சொன்ன வெள்ளை யானையின் தீனிச் செலவு கடைசியில் முதலாளியின் தலையில் மட்டும் விழவில்லை. யானை போகும் இடத்தின் கஜானாவிலும் விழுந்தது.

அந்த 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை. கூட்டம் வருவதில்லை, அதனால் போகிறோம் என்பது நிர்வாகத்தின் வாதம். ரசிகர்கள் புறக்கணிப்பைத் தலைகீழாக்கினார்கள்: ஒரே நாளில் எல்லோரும் வருவோம். பத்தாயிரம் பேர் வந்தாலே அதிகம் என்றிருந்த மைதானத்தில் அன்று 27,759 பேர். 'விற்றுவிடு' என்ற ஒற்றைச் சொல் அச்சிட்ட பச்சைச் சட்டைகள். வலதுபக்க இருக்கைகளில் வழக்கமாக முரசடிக்கும் கூட்டம் இருந்தது. ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கியபோது மைதானமே வாய்மூடியது. பிறகு, ஒரே குரலாக, அணியை விற்றுவிடு என்ற முழக்கம். லீகிலேயே கடைசியில் கிடந்த அணி அன்று முதலிடத்திலிருந்த டாம்பா பேவை 2-1 என்று வென்றது. முதலாளி விற்கவில்லை.

2024 செப்டம்பர் 26 அன்று கடைசி ஆட்டம். 46,889 பேர். டெக்சாஸ் அணியை 3-2 என்று வென்றார்கள். மூன்று மாதத்துக்குள், டிசம்பர் 20 அன்று, ரிக்கி ஹெண்டர்சன் இறந்தார். அந்த மைதானத்தின் ஆடுகளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

*

அணியின் பேரேட்டில் ஒன்பது உலகத் தொடர்ப் பட்டங்கள் இருக்கின்றன. ஐந்து பிலடெல்பியாவில் வென்றவை, நான்கு ஓக்லாந்தில். வேகஸில் மைதானம் திறக்கும் நாளில் ஒன்பதும் அங்கே கொடியாக ஏறலாம். சட்டப்படி அது சரிதான். பெயர் பிலடெல்பியாவின் பழைய கழகத்தினுடையது, யானை ஒரு நியூயார்க்காரரின் வசவு, வண்ணம் கான்சஸ் சிட்டியினுடையது. விட்டுவந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரத்தை எடுத்துவந்திருக்கிறது. அதில் எதுவும் பொய்யில்லை. 2028இல் வேகஸில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து யானையைப் பார்க்கப்போகும் குழந்தைக்கு அது 'நம்ம அணி'தான். அந்தக் குழந்தையிடம் போய் ஓக்லாந்தின் வழக்கைப் பேச முடியாது. ஓக்லாந்தின் குழந்தைகளிடம் 1968இல் கான்சஸ் சிட்டி பேச முடியாதது போலவே.

ஆனால் அந்தக் கடைசி ஆட்டம் முடிந்த பிறகு நடந்த ஒன்றை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். ஆட்டம் முடிந்தும் கூட்டம் கலையவில்லை. வேலியோரம் நின்றவர்கள் பானம் குடித்த கோப்பைகளிலும் பைகளிலும் ஆடுகளத்து மண்ணை வாங்கிக்கொண்டு போனார்கள்.

நம் தென்மாவட்டங்களில் பிடிமண் என்றால் எல்லோருக்கும் தெரியும். பஞ்சத்திலோ பகையிலோ ஊரைவிட்டுக் கிளம்பும் குடும்பம் குலதெய்வத்தின் கோயிலில் ஒரு பிடி மண்ணை எடுத்து முடிந்துகொள்ளும். போன இடத்தில் அதை வைத்துச் சாமியை நிலைநிறுத்தும். சாமி அசையாது, சனம்தான் பெயரும். பெயர்ந்தவர்களுக்காக மண் கூடவே போகும். அதனால் பழைய கோயிலில் சாமி குறைந்துபோனதாக யாரும் சொல்வதில்லை. இரண்டு ஊரிலும் பொங்கல் வைப்பார்கள்.

ஓக்லாந்தில் சாமி வண்டியேறிப் போய்விட்டது, சனம் அங்கேயே இருக்கிறது. அவர்கள் எடுத்த மண்ணை எங்கும் கொண்டுபோக வேண்டிய அவசியமில்லை. மைதானத்திலிருந்து வீடு வரைக்கும்தான். அதற்குள் அந்த ஊரிலேயே ஓக்லாந்து பாலர்ஸ் என்று ஒரு சின்ன அணி பிறந்து, ரசிகர்களுக்கே பங்கு விற்று, மேற்கு ஓக்லாந்தின் ரைமண்டி பார்க்கில் ஆட ஆரம்பித்திருந்தது. சிறிய லீக், பலகை இருக்கைகள், மேஜர் லீகின் கணக்கில் இல்லாத வெற்றி தோல்விகள். பழைய மைதானத்தில் முரசடித்தவர்களில் சிலர் இப்போது அங்கே அடிக்கிறார்கள்.

அந்தச் சின்ன அணியின் பெயரிலேயே ஊரின் பெயர் இருக்கிறது.